தொழிலுக்கு இனம் உண்டோ?

மனிதன் ஒருவனைக் கண்டதும், அவன் யாது செய்ய வல்லான் என்று கேளாமல், அவன் எவ்வினத்தான் என்று கேட்டு, அதிலிருந்து அவன் தொழிலை முடிவு கட்டும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. தமிழன் பால்மரம் சீவப் பிறந்தவன். சீனன் வாணிகத்துக்குப் பிறந்தவன். மலாய்க்காரன் வயலுக்கும் வலைக்கும் உரியவன். சீக்கியன் காவலுக்கு ஏற்றவன் என்று வெள்ளையர் தம் ஆட்சிக் காலத்தில் எழுதி வைத்தனர். எழுதினோர் கப்பலேறிப் பல்லாண்டுகள் ஆகின்றன. அவர் எழுத்து மட்டும் கப்பலேறவில்லை. இன்றும் அது காப்பிக்கடைப் பேச்சிலும், கலியாண வீட்டுப் பந்தலிலும், வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்திலும் உலவி வருகிறது.

சாதிக்கு ஒரு தொழில் என்னும் கொள்கையை நம் இயக்கத்தார் கண்டித்தனர். 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்தபோது, தோட்டத் தமிழரும் பட்டணத் தமிழரும் கூடி நின்று அக்கண்டனத்தைக் கேட்டனர். பிறப்பைக் கொண்டு தொழில் வகுத்தல் தவறு என்பது அறிவுடையோர் ஒப்பிய முடிபு. அங்ஙனமாயின், இனத்துக்கு ஒரு தொழில் என்னும் கொள்கை மட்டும் எவ்வாறு சரியாகும்? இஃது இயல்பா, அன்றி ஏற்பாடா? ஏற்பாடு எனின், அதற்குப் பொறுப்பாளர் யார்? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே நம் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குப் பினாங்கினும் பொருத்தமான இடம் வேறு இல்லை. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடி நாட்டிய நாள்முதல், பல இனத்தாரும் இங்கே கரையேறினர். தமிழரும் வந்தனர். ஆயின், தமிழர் அனைவரும் ஒரே வாயில் வழியாக வந்தாரல்லர். சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் மரக்கலங்களில் சரக்கொடு வந்து வணிகராயினர். 1801-இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அவர் பெருமைக்குச் சான்றாய் நிற்கிறது. செட்டிநாட்டு நகரத்தார் கொடுக்கல் வாங்கல் தொழிலொடு வந்தனர். யாழ்ப்பாணத் தமிழர் ஆங்கிலக் கல்வியொடு வந்து ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிமாராயினர். தஞ்சை, திருச்சி, வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்ற ஏழைகள் முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணி அழைத்த ஆள்களாகவும் வந்து, செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், அதன்பின் ரப்பர்த் தோட்டங்களிலும், துறைமுகத்திலும், நகராண்மைக் கழகத்தின் சாலை, சாக்கடை வேலைகளிலும் அமர்ந்தனர்.

இந்நால்வகையாரும் பேசிய மொழி ஒன்றே. அவர் குருதியில் வேறுபாடு காட்ட எந்த மருத்துவராலும் இயலாது. ஒருவர் வணிகர்; ஒருவர் வட்டிக்கடைக்காரர்; ஒருவர் எழுத்தர்; ஒருவர் கூலி. தொழிலை வகுப்பது இனத்தின் இயல்பாயின், ஒரே இனத்தில் இந்நான்கும் தோன்றியது எங்ஙனம்? யாழ்ப்பாணத்தில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அமெரிக்கப் பாதிரிமார் ஆங்கிலப் பள்ளிகளை நிறுவினர். காவிரிக் கரையின் சேரியில் அத்தகைய பள்ளியை நிறுவினார் இல்லை. வேறுபாடு அங்கே பிறந்தது. எந்த வாயில் வழியாக ஒருவன் உள்ளே வந்தானோ, அவ்வாயிலே அவன் தொழிலை வகுத்தது. பின்னர் அத்தொழிலே அவன் இயல்பு என்று பெயர் பெற்றது.

இனிக் கூலியை நோக்குவோம். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. ஆயின், அதற்கு முன்னரே, 1907-இல், தமிழ் ஆள்களைக் கப்பலில் ஏற்றிவரும் செலவுக்கென ஒரு நிதி ஏற்பட்டது. அரசாங்க அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் கூடிய குழு அதனை நடத்தியது. மலாயாவில் ஆள் தட்டுப்பாடு வந்து கூலி உயரும் போலத் தோன்றினால், நாகப்பட்டினத்திலிருந்து இன்னொரு கப்பல் ஆள் கொணரும். கப்பல் வந்ததும் கூலி உயராது. இதனைச் சூழ்ச்சி என்று யாரும் அழைத்ததில்லை. நிருவாகம் என்றே அழைத்தனர்.

பின்னாளில் அக்குழுவே தமிழருக்கு ஒரு நியமக் கூலியை வகுத்தது. 1920-களின் இறுதியில் அஃது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. இத்தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது? பால்மரம் சீவும் வேலையின் மதிப்பைக் கொண்டன்று. சீவிய பாலின் விலையைக் கொண்டும் அன்று. தமிழத் தொழிலாளி ஒருவன் அரிசி, பருப்பு, துணி இவற்றை வாங்கி உயிர் தாங்க எவ்வளவு போதும் என்ற கணக்கைக் கொண்டே அது வகுக்கப்பட்டது. அதே தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளி பெரும்பாலும் குத்தகை முறையில் மிகுதியான ஊதியம் பெற்றான். காரணம் அவன் இனம் உயர்ந்தது என்பதன்று. அவனுக்கு ஈயச் சுரங்கமும், நகரத்துப் பட்டறையும், உறவினர் கடையும் திறந்திருந்தன. விலை ஒவ்வாதாயின் மூட்டை கட்டிப் போய்விடுவான். தமிழனுக்கோ தோட்டத்தை விட்டால் இன்னொரு தோட்டமே உண்டு. போகக் கூடியவனுக்கு ஒரு விலை. போக இயலாதவனுக்கு ஒரு விலை. இவ்விரு விலைகளையும் கண்டோர், ஒருவன் முயற்சியாளன், மற்றவன் சொன்னதைக் கேட்கும் சாதுவானவன் என்று குணவிளக்கம் எழுதினர்.

அச்சாதுக்கள் பேசிய நாளும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சீனருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது அவர் கோரிக்கைகளுள் ஒன்று. துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். அவர் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி முழங்கியது, தொழிலாளர் ஐவர் மாண்டனர். கூலிக் கோரிக்கையும் மானக் கோரிக்கையும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்ததை நாம் கருத வேண்டும். குறைந்த கூலி வெறும் பணக்குறை அன்று, "நீ இவ்வளவே பெறுவாய்" என்னும் தீர்ப்பு அது என்பதை அம்மக்கள் கற்றோரினும் நன்றாக உணர்ந்திருந்தனர்.

இதுகாறும் கூறியவற்றில் ஒரு பகைவன் தென்படுகிறான். துரை இருக்கிறான், குழு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. கை நீட்டிக் காட்டலாம். ஆயின், நம் காலத்தை அணுக அணுக, கை நீட்டுதல் கடினமாகிறது. ஈண்டே நம் இரண்டாவது வினா பிறக்கிறது.

மழை இனம் பார்த்துப் பெய்வதில்லை. ஜார்ஜ் டவுனில் பெருமழை பெய்தால் எல்லாக் கூரைமீதும் ஒக்கவே பெய்கிறது. ஆயினும், முழுகுவது பள்ளத்து வீடே. மழையைக் குற்றம் சொல்வார் உண்டோ? மேட்டில் வாழ்பவன் வெள்ளத்தை அனுப்பினான் என்று சொல்லலாமோ? இல்லை. ஆயின், பள்ளம் தானே தோன்றியதா என்று கேட்டல் தகும். யாரோ ஒரு காலத்தில் மண்ணெடுத்தார். யாரோ கால்வாய் வெட்டாது விட்டார். யாரோ அங்கேதான் நீ குடியிருக்கலாம் என்றார். பொருளாதார மாறுதல் மழை போன்றது. பழைய ஏற்பாடு பள்ளம் போன்றது.

அம்மழை எவ்வாறு பெய்தது என்று காண்போம். இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1950-களிலும் 1960-களிலும், வெள்ளையர் கும்பெனிகள் பல தோட்டங்களைத் துண்டுகளாக்கி விற்றன. வாங்கியவன் இலாபம் கருதி வாங்கினான்; விற்றவன் அச்சம் கருதி விற்றான். தமிழனுக்குத் தீங்கு செய்ய வேண்டும் என்று இருவருள் ஒருவரும் எண்ணியிருக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு கையெழுத்தில் தொழில் போயிற்று. தொழிலோடு லயத்து வீடு போயிற்று. வீட்டோடு பள்ளி போயிற்று, கோயில் போயிற்று. ஏன்? வீடும் பள்ளியும் தோட்டத்துக்குச் சொந்தமாயிருந்தமையால். பட்டணத்தில் ஒருவன் வேலையிழந்தால் வேலையை மட்டும் இழக்கிறான். தோட்டத்தான் ஒரே நாளில் உலகத்தையே இழந்தான். 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. அம்முயற்சி போற்றத்தக்கது. எனினும், வெள்ளம் பெரிது, அணை சிறிது.

1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றது. சட்டத்தில் தமிழன் என்ற சொல் இல்லை. ஆயின், எழுத்தறியாது, பிறப்புச் சான்று இல்லாது, விண்ணப்பம் போட வழிகாட்டுவார் இல்லாது தோட்டத்தில் கிடந்தோர் யாவர்? அச்சட்டத்துக்குப்பின் பல்லாயிரவர் இந்நாட்டில் உழைத்த உழைப்பை விட்டு நாகைக்கும் சென்னைக்கும் கப்பலேறினர். 1969-இல் பினாங்கு தன் தீர்வையற்ற துறைமுக உரிமையை இழந்தது. சரக்கு குறைந்தது, தீவெங்கும் வேலையின்மை பரவியது. துறைமுகத்தில் கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும் வந்தன. பல தோள்கள் சுமந்த சுமையைச் சில பொறிகள் சுமந்தன. சுமந்த தோள்களுள் தமிழர் தோள்கள் மிகுதி. ரப்பர் விலை தாழத் தாழத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டும் ஆள் குறைவு. செம்பனைக்குப் பின் வீட்டுமனை வந்தது. அதற்கு ஆளே வேண்டுவதில்லை.

1972-இல் பாயான் லெப்பாஸில் தீர்வையற்ற தொழிற்பேட்டை எழுந்தது. இன்டெல் முதலிய மின்னணுவியல் கும்பெனிகள் வந்தன. பல்லாயிரம் இளம்பெண்கள் வேலை பெற்றனர், தீவு பிழைத்தது. நம் பெண்களும் அங்கே சென்றனர்; நன்மையும் பெற்றனர். ஆயின், ஆலையின் கீழ்ப்படியில் ஏற உடல்நலமும் பொறுமையும் போதும். மேற்படியில் ஏற ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் வேண்டும். தோட்டத்துக் குழந்தைக்கு எத்தகைய பள்ளி கிடைத்தது? 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது. அது கொட்டகையிலும் நடந்தது. கங்காணியே ஆசிரியரானதும் உண்டு. அப்பள்ளியின் வாசல் தோட்டத்துக்குள்ளேயே திறந்தது. தந்தை காலத்தில் தோண்டிய பள்ளத்தில் மகன் காலத்து மழை தேங்கியது.

1971-இல் அரசாங்கம் புதிய பொருளாதாரக் கொள்கையை வகுத்தது. அதன் குறிக்கோள் இரண்டு. இனம் கருதாது வறுமையை ஒழித்தல் ஒன்று; இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்று அடையாளம் காணும் நிலையை அகற்றுதல் மற்றொன்று. இவ்விரண்டாவது குறிக்கோளை நாம் இருகை நீட்டி வரவேற்கக் கடமைப்பட்டவர்கள். நம் கட்டுரையின் பொருளே அதுவன்றோ? மலாய்க்காரரை வயலோடு கட்டிப்போட்ட வெள்ளையர் ஏற்பாடும் அநீதியே. அதனை மாற்றியது நீதியே. ஆயின், நடைமுறையில் ஒரு கட்டை அவிழ்க்க விரைந்த கை மற்றொரு கட்டைக் கண்டும் காணாது போயிற்று. தோட்டத் தமிழன் ஏழைகளின் பட்டியலில் இருந்தான். ஆயின், உதவியின் பட்டியல் பெரும்பாலும் இனத்தைக் கொண்டு எழுதப்பட்டது. 2007 நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட தமிழர் கூட்டம் இக்குறையின் குரலே.

மறுபக்கத்தையும் மறைத்தல் அறமன்று. லீ ஹ்வொக் அவுன், முகமது அப்துல் காலிட் ஆகிய அறிஞர் இருவர் தனியார் கும்பெனிகளுக்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி ஆராய்ந்தனர். ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. பொறியியல், கணக்கியல் வேலைகளுக்கு அனுப்பிய அவ்விண்ணப்பங்களில், சீனப் பெயர் தாங்கியவற்றுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 22 அழைப்பு வந்தது; மலாய்ப் பெயர் தாங்கியவற்றுக்கு ஏறத்தாழ 4 அழைப்பே வந்தது. அரசாங்க அலுவலகத்தில் ஒருவனுக்குத் திறந்த கதவு தனியார் அலுவலகத்தில் அவனுக்கே மூடுகிறது. ஆகவே, ஓரினம் முழுதும் அநீதி செய்வது, ஓரினம் முழுதும் அநீதி பெறுவது என்னும் கதை உண்மையன்று. ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு காவலன். ஒவ்வொரு காவலனும் தான் பிறர் கதவில் பட்ட துன்பத்தையே தன் செயலுக்கு நியாயமாகக் காட்டுகிறான்.

இக்கதை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தென்னாட்டுப் பருத்திக் காடுகளை விட்டு வடக்கே சிக்காகோ முதலிய நகரங்களுக்குச் சென்ற கறுப்பின மக்கள் ஆலைகளில் வேலை பெற்றனர். 1970-களுக்குப்பின் அவ்வாலைகள் மூடின, அன்றி வெளியேறின. இனவெறி சட்டத்தில் ஒழிந்த அதே காலத்தில் வேலை மறைந்தது. பழைய வெறுப்பு அவர்களை எந்தத் தெருவில் குடிவைத்ததோ, அந்தத் தெருவைப் புதிய பொருளாதாரம் பாழாக்கியது என்று வில்லியம் ஜூலியஸ் வில்சன் என்னும் கறுப்பின அறிஞர் விளக்கினார். சிக்காகோவின் ஆலைத் தெருவும் செபராங் பிறையின் லயமும் இவ்வகையில் உடன்பிறப்புகளே.

எனின், பொறுப்பாளர் யார்? நம்மிடையே மூன்று விடைகள் வழங்குகின்றன. முதல் விடை, எல்லாம் தலைவிதி என்பது. இரண்டாம் விடை, எல்லாம் பிற இனத்தார் செய்த சதி என்பது. மூன்றாம் விடை, எல்லாம் நம் சோம்பலும் குடியும் செய்த கேடு என்பது. முதல் விடை நம்மைக் கைகட்டி உட்காரச் செய்கிறது. இரண்டாம் விடை அண்டை வீட்டானைப் பகைவனாக்குகிறது. மூன்றாம் விடை மேடையில் கைதட்டுப் பெறுகிறது. ஆயின், நான்கு மணிக்கு எழுந்து பிரட்டுக்கு நின்று தலைமுறை தலைமுறையாக உழைத்தவனைச் சோம்பேறி என்பது பொய். குடி கேடு என்பது மெய். எனினும், சம்பளத் திண்ணைக்கு அருகே கள்ளுக்கடையை வைத்தது யார் என்று கேளாத உபதேசம் பாதி உபதேசமே.

திருவள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இவற்றோடு நில்லாமல் செங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஊழையும் முயற்சியையும் பற்றி நம் மேடைகள் ஓயாமல் பேசுகின்றன. செங்கோன்மை, அஃதாவது சமுதாயத்தின் ஏற்பாடு நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்னும் வினா, பெரிதும் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

நாம் கருதுவது இது. குற்றம் வேறு, கடமை வேறு. குற்றம் செய்தவனைச் சாரும். பள்ளம் தோண்டியவர் மாண்டு போயினர். அவரைத் தண்டிக்க இயலாது. கடமையோ, பள்ளம் இருப்பதை அறிந்து, மண்வெட்டியும் கையில் உடையவன் எவனோ, அவனைச் சாரும். "நான் யாருக்கும் தீங்கு எண்ணவில்லையே" என்பது குற்றத்துக்கு விடையாகும்; கடமைக்கு விடையாகாது. தீயவன் ஒருவனும் இல்லாத தீமை உலகில் உண்டு. அதைத் தீர்க்கத் தீயவனைத் தேடுவதிலேயே காலம் கழித்தால் தீமை வளரும்.

அக்கடமை யாது? கூலி வேலையைக் கொண்டு வகுக்கப்பட வேண்டும். வேலை செய்பவன் பிறப்பைக் கொண்டன்று. 2013-இல் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாகத் தொடங்கி, 2025-இல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளம் அவ்வழியில் வைத்த ஓர் அடி. வீடு முதலாளியின் தயவில் இருத்தல் கூடாது. பள்ளி பிள்ளையை அடுத்த பள்ளிக்கு ஏற்றும் படியாக இருக்க வேண்டும். உதவி ஏழ்மையைக் கண்டு போக வேண்டும். பெயரைக் கேட்டுப் போகலாகாது. இவற்றை நாம் அரசாங்கத்திடம் கேட்பது உரிமை.

ஆயின், கேட்பவன் கை தூய்தாக இருத்தல் வேண்டும். இன்று பினாங்கின் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும், அக்கரையின் செம்பனைத் தோட்டங்களிலும் உழைப்போர் யாவர்? வங்காள தேசத்தார், நேப்பாளியர், இந்தோனேசியர். கடன் வாங்கித் தரகனுக்குக் கொடுத்து வந்தவர். வேலை கொடுத்தவனை விட்டுப் போக உரிமையற்றவர். அவன் காட்டிய கொட்டகையில் நெருங்கிப் படுப்பவர். இவர் நிலையைக் கேட்டால் நம் பாட்டன் நிலை நினைவுக்கு வரவில்லையா? அவர்களை வேலை வாங்கும் குத்தகைக்காரரிலும் மேற்பார்வையாளரிலும் தமிழரும் உளர். "அவர்கள் இவ்வேலைக்குப் பழகியவர்கள், அவர்களுக்கு இவ்வளவு போதும்" என்று நம்மவர் வாயிலிருந்தே வருகிறது. இது யார் சொல்? 50 காசைக் கணக்கிட்ட குழுவின் சொல்லன்றோ?

இச்சொல்லுக்கு நம்மிடம் இன்னொரு பழைய உருவமும் உண்டு. கங்காணி ஊரில் ஆள் திரட்டியபோது சாதி பார்த்துத் திரட்டினான். தோட்டத்தில் சாதி பார்த்து லயம் பிரித்தான். இன்ன சாதியான் இன்ன வேலைக்கே ஏற்றவன் என்று நம்முள்ளேயே சொல்லிக் கொண்டிருந்த நமக்கு, துரை அதனையே நம் அனைவரையும் நோக்கிச் சொன்னபோது மறுக்கும் வலிமை குறைந்தது. வீட்டுக்குள் ஒப்பிய பொய்யை வீதியில் எதிர்ப்பது கடினம்.

ஆதலின், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! "இவ்வினத்தான் இத்தொழிலுக்கு உரியவன்" என்று எவர் சொல்லக் கேட்டாலும், அச்சொல் நம்மைக் குறித்தாயினும் பிறரைக் குறித்தாயினும், மூன்று கேள்வி கேளுங்கள். இவன் கூலியை வகுத்தவர் யார்? இவன் படுக்கும் வீடு யாருடையது? இவன் வேறு வேலை தேடினால் எந்தக் கதவு திறக்கும்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின், அவன் இயல்பைப் பற்றிப் பேச எஞ்சுவது மிகச் சிறிதாகவே இருக்கும். தொழிற்சங்கக் கூட்டத்தில் வங்காள தேசத்துத் தொழிலாளிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவன் கூலி உயர்ந்தால் நம் கூலி தாழாது. அவன் கூலி தாழ்ந்திருக்கும் வரையில்தான் நம் கூலியைத் தாழ்த்த ஆள் கிடைக்கும். நம் பாட்டனுக்கு எவரும் போடாத நாற்காலி அது. அதனை நாம் போடுவோமாக.